மஞ்சள் போடாத குழம்பு

ஜனவரி 11, ஞாயிறு

இந்த டைரியை என் தம்பி மோகனசுந்தரம் கொடுத்தான். அட்டையில் அவன் கம்பெனிப் பெயர் பொன் எழுத்தில் மின்னுகிறது. "அக்கா, மச்சானுக்கு மாத்திரை குடுக்கறப்ப உடம்பு எப்படித் தேறுதுன்னு அப்பப்ப எழுதி வை. மீட்டிங்ல படிச்சா நாலு பேருக்கு உதவும்" என்றான்.

நான் படித்தது அஞ்சாவது. அதிலும் பாதிதான். மீதிப் பாதியில் என்னை மஞ்சள் காட்டில் களை வெட்ட விட்டுவிட்டார்கள். ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். "சம்பூரணம், உன்ற எழுத்து மட்டும் பாஸ்" என்று வாத்தியார் சொல்வார்.

என் வீட்டுக்காரர் பேர் நாச்சிமுத்து. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பாலிஷ் டிரம்மில் வேலை. வேகவைத்துக் காய்ந்த மஞ்சள் கறுப்பாய், தோல் சுருங்கி வரும். டிரம்முக்குள் போட்டுச் சுற்றினால் ஒன்றோடு ஒன்று உரசி, வழவழவென்று தங்கம் மாதிரி வெளியே வரும். நான் அதே மண்டியில் நீளமான விரலி வேறு, உருண்டைக் கிழங்கு வேறு என்று பிரித்துப் போடுகிறேன். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து போனால், நலங்கு வைத்தவர்கள் துடைக்க மறந்துவிட்ட மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி இருப்போம். எங்கள் தலையணை உறைகூட மஞ்சள்தான்.

தீபாவளியிலிருந்தே அவர் நடக்கும்போது பாதியில் நிற்கிறார். மண்டியிலிருந்து டீக்கடைக்குப் போவதற்குள் நின்று, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிப்பதுபோல் பாவனை. "யாரு போய்ட்டாங்க, உங்க பழைய சிநேகிதியா?" என்று கேலி செய்வேன். பிறகுதான் தெரிந்தது, கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கிறதாம். ஸ்கேன் எடுத்தார்கள். காலுக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கிப் போயிருக்கிறது. கொழுப்பு குறைய ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. பீடியை விட வேண்டும், வலித்தாலும் தினமும் நடக்க வேண்டும். "அசட்டையா இருந்தீங்கன்னா கால் உங்களுது இல்ல" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது நான் கண்டக்டரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தேன். மனதுக்குள் பாவாயி அக்காவின் வீட்டுக்காரர்தான் இருந்தார். பாவாயி அக்கா மண்டியில் எனக்குப் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்து மஞ்சள் பிரிக்கிறவள். அவளுடைய வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் காலை எடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இன்றைக்குத் தம்பி டப்பாவை எடுத்து வைத்தான். குர்குமின் மாத்திரை. மஞ்சளிலிருந்து எடுத்த சத்து.

"ஏன்டா, நானும் உன்ற மச்சானும் மூச்சுலயே மஞ்சள் திங்கறோம். இதுல டப்பால வேற போட்டுத் திங்கோணுமா?" என்றேன்.

"அது சும்மா தூளுக்கா. உடம்புல நிக்காம போயிரும். இது சத்தை மட்டும் பிரிச்சு, மிளகுச் சத்தோட சேத்தது. ரத்தக் குழாய்க்குள்ள போயி உள்சுவரை அப்படியே மெருகு போட்டுரும்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பினார். "டிரம்முல போட்டாப்பலயா மாப்ளே?"

"அதேதானுங்க மச்சான்!"

இந்த மனுசன் வாழ்நாளில் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. கையை நீட்டினார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினேன். மாத்திரையையும் கும்பிட்டுவிட்டு அவருக்குக் கொடுத்தேன். இரண்டு கும்பிடும் ஒன்றுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

மீட்டிங். தம்பியின் மாத்திரைக் கம்பெனி நடத்துவது, ஒரு கல்யாண மண்டபத்தில். தம்பி சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்திருந்தான். "கண்ணு, எப்பப் பொண்ணு பாக்கப் போறோம்?" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, இங்க மானத்தை வாங்காதே" என்றான்.

மேடையில் ஒருத்தர் கண்ணாடிக் குழாய்க்குள் டால்டாவை அடைத்து, இதுதான் உங்கள் ரத்தக் குழாய் என்றார். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். டால்டா கரைந்து போனது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"ஏனுங்க சார், அது சுடுதண்ணியா பச்சத்தண்ணியா?" என்று நான் கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "இப்படிப் பேசற அக்காதான் நமக்கு வேணும்" என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். அது எந்தத் தண்ணீர் என்று சொல்லவே இல்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. சோடா நன்றாக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

இன்றைக்கு டீக்கடை வரைக்கும் நிற்காமல் போனார்! போஸ்டர்களை எல்லாம் தாண்டி! கடைக்காரரிடம், "இனிமே இவருக்கு டீ குடுத்தா வீட்டுக்கு வராம நடந்துகிட்டே போயிருவாரு, பாத்துக் குடுங்க" என்றேன்.

பீடியை விட்டு ஒரு மாதமாகிறது. தினமும் காலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறார். டாக்டர் மாத்திரையும் தவறாமல் போடுகிறார். ஆனால் இதெல்லாம் சும்மா. மெருகு வேலை செய்கிறது, எனக்குத் தெரியும்.

தம்பிக்குப் போன் செய்தேன். "அப்படின்னா ரெண்டு ரெண்டாக் குடுக்கா. மஞ்சள்தானே, கூடுனா என்ன பண்ணப் போகுது?" என்றான். சரிதானே.

பிப்ரவரி 20, வெள்ளி

வடை சுட்டேன். எண்ணெய் வாசம் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். இருபத்தைந்து வருசத்தில் என் வடையைப் பார்த்து ஓடியது இதுதான் முதல் தடவை. "யாரு ஊட்டு வடையைத் தின்னுட்டு வந்தீங்க?" என்றேன். சிரித்தார். சோறும் இறங்கவில்லை.

உடம்பெல்லாம் சொறிகிறார். டிரம் சுற்றினால் பறக்கிற தூசு அப்படி. எனக்கும்தான் சொறியும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். முதுகு முழுக்க நகம் கீறிய கோடு.

கேழ்வரகு மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறேன். மறக்காமல் வாங்க வேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

இன்றைக்கு நான் மேடை ஏறினேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்னால் பாவாயி அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கூட்டிப் போயிருந்தேன். அவளைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. இப்படிப் பேசினேன்:

"என்ற ஊட்டுக்காரரு முன்ன நாலு எட்டு வெச்சா ஒரு போஸ்டர் படிப்பாரு. இப்ப டீக்கடைக்கு ஓடறாரு. மாத்திரை உள்ள மட்டும் மெருகு போடலீங்க, வெளியவும் போட்டுருச்சு. ஆளே தங்கமா மாறிட்டு வாராரு. கண்ணைப் பாருங்க, கண்ணுகூட பொன்னாட்டம் பளபளங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல அடகு வெச்சுரலாமுன்னு இருக்கறேன்!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்து நின்றார். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க என்று எல்லாரும் கத்த, திறந்தார். கை தட்டல் நிற்கவே இல்லை.

கீழே இறங்கினால் டப்பா வாங்கக் கூட்டம். பாவாயி அக்காவும் ஒன்று வாங்கினாள். தம்பி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சட்டை கசங்கிவிடும் என்றுகூடப் பார்க்கவில்லை.

வரும்போது அவர் ஆட்டோவிலேயே தூங்கிவிட்டார். பகல் நேரத்தில் தூங்குகிற ஆளில்லை.

மார்ச் 4, புதன்

பாத்ரூமில் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டார். கடுங்காப்பி நிறம். சத்து ஊறி மிச்சம் வெளியே போகிறது என்று தம்பி சொன்னான்.

மார்ச் 8, ஞாயிறு

ஓசூரிலிருந்து எங்கள் மகள் தாரணி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, அப்பா கண்ணைப் பாத்தீங்களா?"

"மண்டியில இருக்கறவரு கண்ணு பின்ன நீலமாவா இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் சிரிப்பு பாதியில் நின்றது. அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினாள். மூன்று தடவை. முகத்தில் இருந்த மஞ்சள் தண்ணீரோடு ஓடிப்போனது. பிறகு அவரை வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்துக் காட்டினாள்.

அது கழுவியும் போகாத மஞ்சள்.

"காமாலைம்மா" என்றாள். "பக்கத்துலயே இருக்கறீங்க. எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

எங்கள் வீட்டில் எது மஞ்சள் இல்லை?

மார்ச் 10, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கல்லீரல் வீங்கியிருக்கிறதாம். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, நல்ல முகம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

"குடிப்பாரா?"

"அந்தப் பழக்கம் இருந்திருந்தா நான் ரெண்டு அடி போட்டுக் கொண்டாந்திருப்பேனுங்க."

"பச்சிலை, வேர், கீழாநெல்லி, நாட்டு வைத்தியர் மருந்து ஏதாச்சும்?"

"எதுவும் இல்லீங்க. நாட்டு மருந்துப் பக்கமே போகலீங்க."

"வேற டாக்டர்கிட்ட வாங்கின மாத்திரை, வலி மாத்திரை?"

"இல்லவே இல்லீங்க. கால் டாக்டர் எழுதின ரெண்டு மட்டுந்தான்."

நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

டாக்டரம்மா சீட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அப்படியென்றால் கொழுப்பு மாத்திரைமேல்தான் சந்தேகம், அதை நிறுத்துவோம் என்றாள். கல்லீரல் கெட்டிருக்கும்போது ரத்தம் கசிந்தால் நிற்காது, அதனால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையையும் நிறுத்த வேண்டுமாம். "காலுக்கு?" என்று அவர் கேட்டார். "முதல்ல உயிர் ஐயா" என்றாள்.

டாக்டர் மாத்திரை இரண்டையும் குப்பையில் போட்டேன். எனக்கு அதன்மேல் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை.

மார்ச் 13, வெள்ளி

காமாலைக்காரருக்கு எண்ணெய் ஆகாது, மஞ்சள் ஆகாது. எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். பத்தியம் பிடிக்க வேண்டியது என் வேலை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் போடாமல் குழம்பு வைத்தேன். வெள்ளையாக, பார்க்கவே சகிக்கவில்லை. "பாருங்க, விதவைக் குழம்பு" என்று சொல்ல வந்தேன். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

நாலு வாய் சாப்பிட்டார். அதற்குமேல் தம்பி கொடுத்த மாத்திரை இரண்டு கொடுத்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்ட பிறகு காலுக்கு இது ஒன்றுதானே துணை.

மார்ச் 17, செவ்வாய்

ரத்தம் எடுத்தார்கள். காமாலை குறையவில்லை, கூடியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தியும் ஏன் இறங்கவில்லை என்று டாக்டரம்மாவுக்கே குழப்பம். கோயம்புத்தூரில் யாரோ பெரிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். பாவம், ரொம்ப மெனக்கெடுகிறாள். ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

தாரணி வராந்தாவில் கேட்டாள். "அம்மா, மாமா ஒரு டப்பா குடுத்தாரே, அது?"

"எது?"

"மஞ்சள் மாத்திரை."

"அது சத்துடி. சத்தே இல்லாமக் கெடக்கறாரு மனுசன்" என்றேன். அதற்குள் பால்காரர் வந்துவிட்டார். பால் வாங்கப் போனேன். இந்த ஆஸ்பத்திரிப் பாலில் பாதி தண்ணீர்.

மார்ச் 19, வியாழன்

இடது பாதம் சில்லென்று இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். என் கைதான் சூடானது.

மத்தியானம் மாத்திரையை நீட்டியபோது அவர் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்முணி, இது வேண்டாமோ?"

"டிரம்மைப் பாதிச் சுத்துல நிறுத்துவீங்களா? மஞ்சள் என்னத்துக்காகும்?"

"ஆகாது" என்றார்.

"பின்ன?"

வாங்கி வாயில் போட்டார். தண்ணீரைக்கூட அவரே எடுத்துக் குடித்தார். என் மனசு நோகக் கூடாது என்றால் என்ன வேண்டுமானாலும் விழுங்குவார் இந்த ஆள். கல்யாணமான புதிதில் நான் வைத்த குழம்பையே விழுங்கியவர்தானே.

மார்ச் 22, ஞாயிறு

கால் வலி தாங்காமல் கத்துகிறார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லாத மனுசன். விரல்கள் நீலமாகிவிட்டன. ஊசி போட்டிருக்கிறார்கள். வேறு ஒரு டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்டரம்மாவிடம் இங்கிலீஷில் பேசினார்.

துணி துவைத்தேன். வேட்டி இரண்டு, துண்டு ஒன்று.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் படுக்கை விரிப்பு மாற்ற வந்த நர்ஸ் பெயர் பிளஸ்ஸி. தலையணையைத் தூக்கினாள். அடியில் மஞ்சளாக ஒரு திட்டு, உள்ளங்கை அகலம்.

"இங்க யாரு மஞ்சப்பொடி கொட்டுனது?"

"நாங்க மண்டிக்காரங்க சிஸ்டர். எங்க வேர்வையே மஞ்சள்தான்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். எப்போதும்போல.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திட்டை விரலால் தடவியவள், அதிலிருந்து பிசுபிசுவென்று ஒரு கேப்சூல் தோலை உரித்தெடுத்தாள். நேற்று அவர் விழுங்க முடியாமல் துப்பியது. அப்புறம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். வேர்வையில் ஊறி உடைந்திருக்கிறது.

"இது என்னம்மா?"

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தாள். கட்டில் பக்கத்து அலமாரியைத் திறந்தார்கள். டப்பா இருந்தது. அதை மறைத்தெல்லாம் வைக்கவில்லை. பிஸ்கட் பொட்டலத்துக்குப் பக்கத்தில், பார்க்கிற மாதிரிதான் இருந்தது. டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

"இது எப்போ இருந்து? நான் அத்தனை தடவை கேட்டேனே…"

"மருந்தான்னு கேட்டீங்க. இது மஞ்சளுங்க" என்றேன்.

"மஞ்சள்னா குழம்புல ஏன் போடலை?" என்றாள் பிளஸ்ஸி. தினமும் என் வெள்ளைக் குழம்பைப் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்.

நான் பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னது இது. குழம்பில் போடுகிற மஞ்சள் வேறு. இது சத்தை மொத்தமாகத் திரட்டி, மிளகுச் சத்தால் உடம்புக்குள் இறங்க வைத்தது. நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "முதல் நாளே தெரிஞ்சிருந்தா இதைத்தான் நிறுத்தியிருப்போம். கல்லீரல் வீக்கம் அப்பவே இறங்க ஆரம்பிச்சிருக்கும். கால் மாத்திரையைச் சீக்கிரமே திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருடைய காலைப் பார்த்தாள்.

அப்போது தாரணி உள்ளே வந்தாள். "யாரும்மா இதைக் குடுத்தது? ஆஸ்பத்திரிக்குள்ள யாரு குடுத்தது?"

கட்டிலிலிருந்து அவர் பேசினார். குரல் நூல் மாதிரி இருந்தது. "நாந்தான் கண்ணு. உங்கம்மா குடுக்கல. மாப்ளைகிட்டக் கேட்டு வாங்கி, நானா எடுத்துப் போட்டுக்கிட்டேன். சீக்கிரம் நடக்கோணுமுன்னு ஆசை. அளவு தெரியல."

தாரணி அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். பெற்ற அப்பனை அப்படிப் பேசக் கூடாது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். குடம் நிரம்பி வழிந்தது. மூடத் தோன்றவில்லை.

மார்ச் 26, வியாழன்

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரையை நிறுத்தியதும் காமாலை இறங்க ஆரம்பித்துவிட்டது. கண் வெளுத்து வருகிறது. தினமும் பார்க்கிறேன்.

இப்போது அவர்தான் பேசுகிறார். முன்பெல்லாம் நான் பத்துப் பேச்சு பேசினால் ஒரு சிரிப்பு தருகிற ஆள். இன்றைக்கு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்து, "அம்முணி, இனி ஒரு ஜோடி வாங்குனா எனக்கு ரெண்டு வருசம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

இது என் வேலை. என் வேலையையும் அவரே பார்க்கிறார்.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவர் சொன்னதுதான் கணக்கு. அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டார். நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தம்பி வந்தான். வாசலிலேயே நின்று அழுதான். நிஜ அழுகைதான். பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தான். குடித்து முடித்ததும் சொன்னான். "நல்லவேளைக்கா, மச்சானே ஒத்துக்கிட்டாரு. மீட்டிங்ல எல்லாரும் பயந்துபோய்ட்டாங்க. ஒருத்தரு அளவு தெரியாம அவரா அள்ளிப் போட்டுக்கிட்டதால வந்தது, மத்தபடி மாத்திரைமேல குத்தமில்லைன்னு எடுத்துச் சொன்னதும்தான் அடங்குனாங்க."

"ரெண்டு ரெண்டாக் குடுன்னு நீதான்டா சொன்ன."

"நான் உன்றகிட்டத்தானே சொன்னேன் அக்கா. அவருகிட்டச் சொல்லலையே" என்றான்.

காப்பி டம்ளரைக் கழுவி வைத்தேன். அவர் கட்டிலிலிருந்து, "மாப்ளே, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

மே 4, திங்கள்

இன்றைக்குத்தான் மண்டிக்குப் போனேன். டிரம்மில் வேறு ஆள். என் சாக்கு அங்கேயே இருந்தது. பாவாயி அக்கா கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

அதே டப்பா.

"அக்கா, அதைப் போடாத."

"ஏன்டி? எனக்கும் காலு கவ்வுதல்லோ. அவரைக் காலோட பறிகுடுத்தவ நானு. நீ மேடையில சொன்னயே, அதைக் கேட்டுத்தான் வாங்குனேன்" என்று சொல்லி, கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். "பாரு, என்ற கண்ணும் உன்ற ஊட்டுக்காரராட்டம் பளபளங்குதா?"

மண்டிக்குள் எப்போதும் மஞ்சள் வெளிச்சம். தூசு பறந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, அவரு காலு போனது இதனாலதான்."

"அவரு அளவு தெரியாம அள்ளிப் போட்டாராமே. நான் ஒண்ணுதான் போடறேன்."

"அவரு போட்டுக்கல. நான் குடுத்தேன். இந்தக் கையில. ஆஸ்பத்திரியிலயும் நாந்தான் குடுத்தேன். வேண்டாமான்னு கேட்டாரு, கேலி பேசிக் குடுத்தேன்."

பாவாயி அக்கா என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகம் இளகியது. என் கன்னத்தைத் தட்டினாள். அவள் கை மஞ்சள் என் கன்னத்தில் ஒட்டியது.

"புருசன் பேரு கெடக் கூடாதுன்னு உன்ற மேல போட்டுக்கறயா? தங்கமான பொண்டாட்டிடி நீ."

"இல்லக்கா…"

"சரி சரி. உன்ற விளையாட்டு எனக்குத் தெரியாதா?"

கையைப் பிடித்து இழுத்தேன். குழாயடிக்கு. "அட, என்னடி, சேலை நனையுது!" என்று அவள் கத்த, பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். சம்பூரணம் திரும்ப வந்துவிட்டாள், மண்டி களைகட்டிவிட்டது என்றார்கள். சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீர் மஞ்சளாக ஓடி, வெளுக்கிற வரைக்கும் கழுவினேன். வெயிலில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தேன்.

வெள்ளையாகத்தான் இருந்தது.

"பாத்தயா, எனக்கு ஒத்துக்கிச்சு" என்றாள். அதே குழாயில் தண்ணீர் பிடித்து, என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது.

"நாளைக்கும் கண்ணைக் காட்டுக்கா" என்றேன்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சுருச்சு" என்று சிரித்துக்கொண்டே சாக்குக்குப் போனாள்.

வரும்போது கடையில் ஒரு சோப்பு வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன்.